நாற்பதாவது செயல்

வெள்ளைச் சட்டையில் பொத்தானைத் தைத்து முடித்து, அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள் தையல்காரி. தையல் அச்சுப் போல இருந்தது. அதுதான் சிக்கல். நூலை அறுத்துப் பிரித்துவிட்டு, இந்த முறை வேண்டுமென்றே இரண்டு தையலைக் கோணலாகப் போட்டாள். இருபது வருடமாக ஊருக்கே உடுப்புத் தைக்கிற கை அது. கோணலாகத் தைப்பதற்குத்தான் அது அதிகமாகக் கஷ்டப்பட்டது.

"நானே தைக்கிறேனேம்மா," என்றாள் மகள், கத்தரிக்கோலைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றுகொண்டு. குரல் கீச்சென்று இருப்பதால் வீட்டிலும் பள்ளியிலும் அவளுக்கு மைனா என்று பெயர்.

"நீ தைச்சா எலி கடிச்ச மாதிரி இருக்கும். பேசாம நில்லு."

"டீச்சர் எங்களைத்தான் தைக்கச் சொன்னாங்க."

"டீச்சர் என்ன, வீட்டுக்கு வந்தா பாக்கப் போறாங்க? அவங்க பாக்கப் போறது சட்டையைத்தானே!"

அப்போது மாடியிலிருந்து ஓர் அலறல் கேட்டது. "அம்மா! ஊசி குத்திடுச்சு!"

பின்னாலேயே ஒரு சிரிப்பு. "குத்தட்டும். அடுத்த தடவை விரலை அங்க வைக்க மாட்டே இல்ல?"

தையல்காரியின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. மாடியில் இருப்பவள் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. கீழ் வீடு அண்ணனுக்கு, மேல் வீடு தம்பிக்கு என்று பிரித்துக்கொண்டு பத்து வருடமாகிறது. படிக்கட்டும் மொட்டை மாடியில் துணி காயும் கொடியும் மட்டும் பொது. மேல் வீட்டுப் பெண்ணும் மைனாவும் ஒரே வயது, ஏழாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. ஓரிடத்தில் உட்காராத அந்தப் பெண்ணை எல்லாரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்த வருடம்தான் நாடு முழுவதும் புதுப் பாடத்திட்டம் வந்திருந்தது. மனப்பாடம் செய்து எழுதினால் மட்டும் போதாது, பிள்ளைகள் வாழக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்லி, வாழ்வியல் என்று ஒரு பாடத்தைச் சேர்த்திருந்தார்கள். அதற்குப் பரீட்சை கிடையாது. நீல அட்டை போட்ட ஒரு நோட்டு உண்டு. அதில் நாற்பது செயல்கள். பொத்தான் தைப்பது, வீட்டு முகவரியையும் இரண்டு போன் நம்பரையும் பார்க்காமல் சொல்வது, மருந்துச் சீட்டைப் படித்து வேளையை எழுதுவது, தனியாக பஸ் ஏறி ஓரிடத்துக்குப் போய்த் திரும்புவது, இப்படி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இரண்டு கட்டங்கள். ஒன்றில் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். இன்னொன்றில், பிள்ளை அதைச் செய்ததைக் கண்ணால் பார்த்த வேறு வீட்டார் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சி யார் என்று வருட ஆரம்பத்திலேயே முதல் பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். நடுவில் மாற்ற முடியாது. கீழ் வீட்டுக்கு மேல் வீடு சாட்சி, மேல் வீட்டுக்குக் கீழ் வீடு சாட்சி என்று இரண்டு வீட்டு ஆண்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசி முடித்துவிட்டார்கள். தையல்காரியை யாரும் கேட்கவில்லை.

சின்னவள், அதாவது அந்த ஓரகத்தி, மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். காலையில் மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு, "வரேன்க்கா" என்று படியிறங்கிப் போவாள். டாக்டர்களின் கோழிக் கிறுக்கலைக்கூட ஒரு பார்வையில் படித்துவிடுவாள். அவள் கையெழுத்து ஒரே இழுப்பில் கொடி போல ஓடும். அதன் பக்கத்தில் தையல்காரி தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக, ஒன்றோடொன்று தொடாமல், படம் வரைவது போல எழுத வேண்டும். ஏழாம் வகுப்பின் பாதியில் படிப்பை நிறுத்திவிட்டு மெஷினில் உட்கார்ந்தவள் அவள். அந்த இரண்டு கையெழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சுக்குள் யாரோ அரத்தை வைத்து ராவுவது போல இருக்கும்.

பொத்தான் தைத்த பக்கத்தைக் காட்டியபோது சின்னவள் பேனாவை எடுத்துவிட்டுத் தயங்கினாள்.

"அக்கா, பாப்பா தைச்சதைப் பார்த்தேன்னு போடணும். நான் பார்க்கலையே."

"அப்ப நான் பொய் சொல்றேங்கிறியா?"

"ஐயோ, அப்படி இல்லக்கா."

"பின்ன என்ன? படிச்சவங்க கையெழுத்து அவ்வளவு சீக்கிரம் இறங்கி வராதோ?"

சின்னவள் போட்டுவிட்டாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு தினமும் படிக்கட்டில் முகத்தைத் திருப்பிக்கொள்ள அவளுக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நோட்டு திரும்பி வந்தது. பொத்தான் பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம். அதன் கீழே, "மிக நன்று. விரல்களில் பொறுமை தெரிகிறது" என்று டீச்சர் எழுதியிருந்தார். தையல்காரி அதை அடுப்படிக்கு எடுத்துப்போய் நின்றபடியே படித்தாள். மறுபடி படித்தாள். பால் பொங்கி வழிந்தது, அவள் கவனிக்கவில்லை. அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் அவள் நோட்டில் சிவப்பு மையில் விழுந்ததெல்லாம் பெருக்கல் குறிகள்தான். முதன்முதலாக ஒரு வாத்தியார் அவள் விரல்களைப் பாராட்டியிருக்கிறார்.

வாலுவின் நோட்டில் நட்சத்திரம் இல்லை. "முயற்சி தெரிகிறது. மீண்டும் தைக்கவும்" என்று மட்டும் இருந்தது. அன்றைக்குத் தையல்காரி மெஷினை மிதித்துக்கொண்டே ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தாள்.

அதற்குப் பிறகு அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. செடி வளர்த்துக் குறிப்பெழுதும் செயலா, தொட்டியை வாங்கியதும் தண்ணீர் ஊற்றியதும் அவள்தான். குறிப்பு மட்டும் மைனாவின் கையெழுத்து, அதுவும் இவள் சொல்லச் சொல்ல. முகவரியும் போன் நம்பரும் சொல்கிற மூன்றாவது செயலில், "அதெல்லாம் உனக்குத் தெரியாதா என்ன?" என்று கேட்காமலே கையெழுத்துப் போட்டாள். நட்சத்திரங்கள் குவிந்தன. மைனா முதலில் சண்டை போட்டாள், பிறகு சிணுங்கினாள், கடைசியில் நோட்டைக் கொண்டுவந்து மெஷின் மேல் வைத்துவிட்டு மாடிக்கு ஓடிவிடப் பழகினாள்.

ஆனால் மேல் வீட்டிலும் நட்சத்திரங்கள் விழத் தொடங்கின. வாலு பொத்தானை மூன்றாம் முறை தைத்தபோது ஒன்று வந்தது. மருந்துச் சீட்டுப் படித்ததற்கு ஒன்று. செடி வாடிப்போனதை மறைக்காமல் ஏன் வாடியது என்று எழுதியதற்கு ஒன்று. அதற்குப் போய் நட்சத்திரமா! தையல்காரிக்கு அன்று சோறு இறங்கவில்லை. "செத்த செடிக்கெல்லாம் ஸ்டார் குடுக்கறாங்களாம். மருந்துக் கடைக்காரி ஏதாவது சிரப்பு கொண்டுபோய்க் குடுத்திருப்பா டீச்சருக்கு," என்று கணவனிடம் சொன்னாள். அவர் சலவைப் பட்டறையில் இரண்டு ஷிப்டு நின்றுவிட்டு வந்தவர். "யாரு செத்தா?" என்று கேட்டுவிட்டுத் தூங்கிப்போனார்.

இப்படி இருக்கும்போதுதான் பள்ளியில் அறிவிப்பு வந்தது. வாழ்வியல் பாடத்தில் சிறந்த ஒரு பிள்ளையை ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் தலைநகருக்கு அனுப்பப் போகிறார்கள். பத்து நாள் முகாம், நாடெங்கிலுமிருந்து பிள்ளைகள். முப்பத்தொன்பது செயல்களை முடித்தவர்களிலிருந்து தேர்வு. நாற்பதாவதை வருடக் கடைசியில் முடித்தால் போதும். அந்த வகுப்பில் முப்பத்தெட்டை முடித்தவர்கள் இரண்டே பேர். அந்த இருவரும் ஒரே வீட்டின் கீழும் மேலும் இருந்தார்கள்.

முப்பத்தொன்பதாவது செயல் தனியாக பஸ்ஸில் போய் வருவது. பன்னிரண்டாம் நம்பர் பஸ்ஸில் டவுன் நூலகத்துக்குப் போய், சீட்டில் முத்திரை வாங்கி, பஸ் டிக்கெட்டோடு ஒட்ட வேண்டும்.

"நான் போறேன்மா. வாலு நாளைக்குப் போறா. கூடவே போயிட்டு, தனியா உட்கார்ந்து..."

"கூடவும் வேண்டாம், தனியாவும் வேண்டாம். பஸ்ஸுல எவன் எப்படி இருப்பான்னு உனக்குத் தெரியுமா?"

சனிக்கிழமை லைனிங் துணி வாங்கும் சாக்கில் தையல்காரியே பன்னிரண்டில் ஏறினாள். கைப்பையில் மைனாவின் சீட்டு. நூலகத்து மேசையில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் முத்திரை குத்திக் கொடுத்தார். சீட்டைப் பையில் வைத்துத் திரும்பியவள் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தாள். எதிர்ப்புறம் பஸ் வந்து நின்றது. அதிலிருந்து வாலு இறங்கினாள், தனியாக. ஒரு பக்கம் பார்த்தாள், மறுபக்கம் பார்த்தாள், ஒரு வயதான அம்மாவிடம் ஏதோ கேட்டாள், அந்தம்மா கை காட்ட, சாலையைக் கடந்து நேராக நூலகத்தை நோக்கி வந்தாள். இரட்டைப் பின்னல் ஆட, ஏதோ தன் வீட்டுக்குள் நுழைவது போல.

தையல்காரி செய்தித்தாள் மாட்டியிருந்த தட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். என் மகள் ஏன் இப்படி இல்லை? அந்தக் கேள்வி எழுந்த வேகத்திலேயே அதை அமுக்கிவிட்டாள். அதற்குப் பதில் அவள் கைப்பையில் இருந்தது.

சாயங்காலம் வாலு நீலநோட்டோடு துள்ளிக் குதித்து இறங்கி வந்தாள். "பெரியம்மா, சாட்சி போடுங்க! நான் தனியா போயிட்டு வந்துட்டேன்!"

மெஷினின் சக்கரத்தைக் கையால் நிறுத்தினாள் தையல்காரி. "நான் பார்க்கலையே கண்ணு."

"டிக்கெட் இருக்கு பெரியம்மா. முத்திரையும் இருக்கு."

"இருக்கலாம். உங்கம்மா கூட வரலைன்னு நான் எப்படிச் சொல்றது? பார்க்காததைப் பார்த்தேன்னு எழுதலாமா? உங்கம்மாவே அன்னைக்கு என்கிட்ட அப்படித்தானே கேட்டா."

வாலு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஆணியில் தொங்கிய கைப்பையைப் பார்த்தாள். வெட்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு அவள் பெரியம்மா தானே தைத்த பை. அது மாதிரி ஊரில் வேறொன்று கிடையாது. "சரி பெரியம்மா," என்று மட்டும் சொன்னாள். வந்தபோது குதித்தவள், போகும்போது ஒவ்வொரு படியாக ஏறினாள்.

மைனாதான் தேர்வானாள். தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் தையல்காரி அதைச் சொன்னாள். சின்னவள் கீழே வந்து, "நல்லாப் போயிட்டு வரட்டும்க்கா," என்று மைனாவின் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள். அவள் முகத்தில் ஒரு வாட்டமாவது தெரியுமா என்று தேடினாள் தையல்காரி. தெரியவில்லை. அதற்கும் அவளுக்கு எரிச்சல் வந்தது.

அடுத்த புதன்கிழமை பள்ளி விட்டு ஒன்றரை மணி நேரமாகியும் மைனா வீடு வரவில்லை. தையல்காரி பள்ளிக்கு ஓடினாள். டீச்சர் அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"முகாம் விண்ணப்பத்தை இன்னைக்குள்ள கல்வி அலுவலகத்துல குடுக்கணும். நூலகத்துக்கு அடுத்த கட்டடம்தான். மைனாதான் தனியா போய்ப் பழகினவளாச்சே, கவரைக் குடுத்து அனுப்பினேன். ஏன், இன்னும் வரலையா?"

டீச்சர் அலுவலகத்துக்குப் போன் போட்டுப் பார்த்தார். அப்படி யாரும் வரவில்லை, கதவைப் பூட்டப் போகிறோம் என்றார்கள். தையல்காரி திரும்பி வீட்டுக்கே ஓடினாள். கணவன் பட்டறையில், கொழுந்தன் வெளியூரில், சின்னவள் கடையில். வீட்டில் இருந்தது ஒரே ஒருத்திதான். படிக்கட்டின் கீழ் நின்று அண்ணாந்து கத்தினாள்.

"வாலு! அடியே வாலு! மைனாவைக் காணோம்டி!"

வாலு செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். ஒரு நிமிடம் யோசித்தாள்.

"பள்ளிக்கூட வாசல்ல இருந்து ஏறினாளா பெரியம்மா?"

"அங்க இருந்துதான் இருக்கும்."

"அப்ப டிப்போவுக்குப் போயிருப்பா. வாசல் பக்கமும் பன்னிரண்டு வரும், ஆனா அது திரும்பிப் போற பஸ்ஸு. டவுனுக்குப் போக ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் நிக்கணும். அம்மா பின்னாடி சீட்டுல உட்கார்ந்து பார்க்க, நான் ஏறிப் பழகினப்ப நானும் முதல் தடவை அதே தப்பைத்தான் பண்ணேன். அம்மா ஒண்ணுமே சொல்லாம டிப்போ வரைக்கும் வந்தாங்க. அங்க இறங்கினப்புறம், 'இப்ப எப்படித் திரும்புவே?'ன்னாங்க. வாங்க பெரியம்மா, போலாம்."

பஸ்ஸில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனார்கள். வாலு பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த விரல் நுனிகளில் ஊசி குத்தி ஆறிய சின்னச் சின்னப் புள்ளிகள் தட்டுப்பட்டன.

டிப்போவில் டீசல் வாடை. நேரம் குறிக்கும் அறையின் பெஞ்சில் மைனா உட்கார்ந்திருந்தாள். ஒட்டிய கவரை நெஞ்சோடு அணைத்திருந்தாள். பக்கத்தில் ஆறிப்போன டீ. நேரம் குறிப்பவர் எழுந்து வந்தார், பெரிய மீசைக்காரர்.

"உங்க பொண்ணாம்மா? என்னம்மா பிள்ளை வளர்த்திருக்கீங்க! தெருப் பேரு சொல்லுது, எந்தப் பக்கம்னா தெரியலை. போன் நம்பரு கேட்டா பாதியில நின்னுடுது. மிச்சத்தை நான் யூகம் பண்ணி மூணு வீட்டுல திட்டு வாங்கிட்டேன். அந்தக் கவரையாவது குடும்மா, பிரிச்சுப் பார்க்கிறேன்னா, டீச்சர் ஒட்டிக் குடுத்தது, பிரிக்கக் கூடாதுன்னு அழுவுது. எந்தக் கிளாஸு?"

"ஏழாவது," என்றாள் வாலு. பிறகு தனக்குத் தானே மெல்லச் சொல்லிக்கொண்டாள். "போன் நம்பர் மூணாவது செயல். அதுக்கு இவ நட்சத்திரம் வாங்கியிருக்கா."

தையல்காரி மகளைக் கட்டிக்கொள்ளப் போனாள். மைனா அவள் கையை விலக்கினாள். அவளுடைய கீச்சுக் குரல் அன்று கம்மிப்போயிருந்தது.

"டீச்சர்கிட்ட எனக்கு வழி தெரியாதுன்னு நான் ஏன் சொல்லலை, தெரியுமாம்மா? சொன்னா நீ மாட்டிக்குவே. அதான் கிடைச்ச பஸ்ஸுல ஏறிட்டேன்."

"கண்ணு..."

"பொத்தான் நீ தைச்சே. செடி நீ வளர்த்தே. பஸ்ஸுல நீ போனே. எல்லாப் பாடமும் நீதாம்மா படிச்சே. நட்சத்திரம் பூரா உன்னோடது. எனக்கு ஒண்ணும் தெரியலை. வீட்டுக்கு வரக்கூடத் தெரியலை." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இன்னும் நாற்பதாவது ஒண்ணு பாக்கி இருக்கு. அதையும் நீயே செஞ்சுடு."

நாற்பதாவது செயல் என்னவென்று தையல்காரிக்குத் தெரியும். நோட்டு வந்த அன்றைக்கே நாற்பது பக்கத்தையும் படித்தவள் அவள். 'தான் செய்த தவறை, அதனால் பாதிக்கப்பட்டவரிடம் நேரில் சொல்லி மன்னிப்புக் கேட்டல்.' இதற்கு என்ன தவறை இட்டுக்கட்டலாம், தோழியின் பென்சிலை உடைத்ததாக எழுதலாமா என்றுகூட யோசித்து வைத்திருந்தாள்.

இப்போது இட்டுக்கட்ட வேண்டிய தேவை இல்லை. அவள் வாலுவின் பக்கம் திரும்பினாள்.

"நான் அன்னைக்கு நூலகத்துல உன்னைப் பார்த்தேன்டி. நீ தனியா வந்ததைப் பார்த்தேன். பார்த்துட்டே பார்க்கலைன்னு சொன்னேன்."

"தெரியும் பெரியம்மா," என்றாள் வாலு. "தட்டிக்குக் கீழ உங்க பை தெரிஞ்சுது."

தையல்காரி பெஞ்சில் உட்கார்ந்தாள். "தெரிஞ்சுமா உங்கம்மாகிட்டச் சொல்லலை?"

"சொன்னா அம்மா உங்ககிட்டச் சண்டைக்கு வருவாங்க. அப்புறம் மேல கீழ பேச்சு இருக்காது. நானும் மைனாவும் மொட்டை மாடியில எப்படி விளையாடுறது?"

பன்னிரண்டு வயதுப் பிள்ளை அது. "என்னை மன்னிச்சுடுடி," என்று அவள் கையைப் பிடித்தாள் பெரியவள். மீசைக்காரர் எதுவும் கேட்காதவர் போலச் சுவரில் இருந்த கால அட்டவணையை உற்றுப் படித்துக்கொண்டிருந்தார்.

அன்று இரவே அவள் மேல் வீட்டுக்குப் போய்ச் சின்னவளிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். சின்னவளுக்குக் கோபம் இருந்தது, அது முகத்தில் தெரிந்தது. இந்தத் தடவை அதைப் பார்க்கத் தையல்காரிக்கு ஆசையில்லை. கடைசியில், "நானும் முப்பத்தொன்பது தடவை பார்க்காமத்தானே கையெழுத்துப் போட்டேன்," என்றாள் சின்னவள். "சண்டை வேண்டாம்னு போட்டேன். அதுல பாப்பாவுக்கு என்ன நன்மை பண்ணேன்?"

மறுநாள் காலை பிள்ளைகளை விட வந்த தாய்மார்கள் பள்ளி வாசலில் கூடி நிற்கும்போதே, தையல்காரி இரண்டு பெண்களையும் அழைத்துக்கொண்டு டீச்சரிடம் போனாள். வாலுவின் நோட்டைக் கேட்டு வாங்கி, முப்பத்தொன்பதாம் பக்கத்துச் சாட்சிக் கட்டத்தில் தன் பெயரை எழுதினாள். ஒவ்வோர் எழுத்தாக, ஒன்றோடொன்று தொடாமல். அவசரப்படவில்லை, வெட்கப்படவும் இல்லை.

"இந்தப் பிள்ளை தனியா போனதை நான் பார்த்தேன் டீச்சர். என் பொண்ணு நோட்டுல இருக்கிற நட்சத்திரத்தையெல்லாம் அடிச்சுடுங்க. அதெல்லாம் நான் செஞ்சது. மேல் வீட்டுப் பிள்ளையை ஜெயிக்கணும்னு நினைச்சேன். அந்தப் பொறாமையில என் பிள்ளையைத்தான் தோற்கடிச்சேன். அரசாங்கம் எவ்வளவு நல்ல பாடத்திட்டம் போட்டாலும், பிள்ளை செய்ய வேண்டியதைப் பெத்தவங்க செஞ்சா, பிள்ளை எதையும் கத்துக்காது. வாழ்க்கை நோட்டைப் பார்த்து மார்க் போடாது டீச்சர். அது நடுரோட்டுல நிறுத்திக் கேள்வி கேக்கும். அங்க நான் போய்ப் பதில் சொல்ல முடியாது."

டீச்சர் நோட்டைப் புரட்டிக்கொண்டே, "நானும் நோட்டைத்தான் பார்த்தேம்மா, பிள்ளையைப் பார்க்கலை," என்றார். வாசலில் நின்ற தாய்மார்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, கையில் வைத்திருந்த அட்டை வீட்டு மாதிரியை மெதுவாக முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். அதற்குள் அவள் மகன், "அதை நான் செய்யவேயில்லை டீச்சர்!" என்று கத்திவிட்டான்.

டீச்சர் கல்வி அலுவலகத்தில் ஒரு நாள் தவணை கேட்டு வாலுவின் பெயரில் விண்ணப்பம் கொடுக்க, முகாமுக்கு வாலு போனாள். அவள் பெட்டியோடு படியிறங்கியபோது தையல்காரியின் நெஞ்சில் அந்த அரம் மறுபடி ஒருமுறை ராவத்தான் செய்தது. ராவட்டும் என்று விட்டுவிட்டு, பெட்டியின் மறு பக்கத்தைப் பிடித்துத் தூக்கிக்கொடுத்தாள்.

அவளை வழியனுப்பிவிட்டு வீட்டுக்குள் வந்தபோது மைனா மெஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பழைய சட்டையொன்றில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். புதிதாக வாங்கிய நீலநோட்டு பொத்தான் பக்கத்தில் விரிந்து கிடந்தது. நூல் சிக்கலாகிக் கிடந்தது. பொத்தான் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. தையல்காரியின் விரல்கள் துடித்தன. இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"ஆ! அம்மா, குத்திடுச்சு!"

"குத்தட்டும்," என்றாள் அம்மா. "அடுத்த தடவை விரலை அங்க வைக்க மாட்டே."